நிக்கோடிமஸ் டவுன்ஷிப்: ஊர் எது, எல்லை எது?

கன்சாஸ் மாநில வரைபடத்தில் 'நிக்கோடிமஸ் டவுன்ஷிப்' என்று ஓர் எல்லையும், அதற்குள் 'நிக்கோடிமஸ்' என்று ஒரு புள்ளியும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா, நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி ஏதாவது குடியிருப்பா, இருபது பேர்கூட இல்லாத இடத்துக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு, அங்கே வாழ்கிறவர்கள் யார் என்பது உங்கள் கேள்வி. நான் புரிந்துகொண்டபடி இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அமெரிக்க நாட்டுப்புறத்தில் டவுன்ஷிப் என்றால் என்ன என்பது ஒன்று. இந்த ஒரு டவுன்ஷிப் ஏன் இப்படிச் சிறுத்துப்போனது, சிறுத்தும் ஏன் பெயரோடு நிற்கிறது என்பது இன்னொன்று.

முதலில் என்னைப் பற்றி. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பதினெட்டு ஆண்டுகளாக அமெரிக்கக் கவுன்ட்டிகளின் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) நில வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் வேலை செய்கிறேன். கவுன்ட்டி அலுவலகங்களில் கிடக்கும் பழைய காகித வரைபடங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். ஒவ்வொரு நிலத்துண்டையும் வரைந்து, எண் போட்டு, ஜிஐஎஸ் என்ற கணினி வரைபடக் கோப்பாக நாங்கள் திருப்பித் தருவோம். கன்சாஸ், நெப்ராஸ்கா பக்கத்து வரைபடங்கள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. எனவே கோடுகளைப் பற்றி நான் சொல்வது தொழிலில் கற்றது; மனிதர்களைப் பற்றிச் சொல்வது அந்தக் கோடுகளுக்குள் இருந்தவர்கள் யார் என்று தேடித்தேடிப் படித்தது.

நெய்வேலி டவுன்ஷிப், திருச்சி பெல் டவுன்ஷிப் என்று நாம் சொல்வது ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் கட்டிய குடியிருப்பை. அமெரிக்காவில் அந்தப் பொருளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே டவுன்ஷிப்புக்கு இரண்டு பொருள் உண்டு, இரண்டும் நிலத்தைப் பற்றியவை. நம் ஊர் நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நம்மிடம் வருவாய் கிராமம் ஒன்று, ஊராட்சி வேறொன்று. முதலாவது சர்வேக்கும் பட்டாவுக்கும். இரண்டாவது தேர்தலுக்கும் தெருவிளக்குக்கும். இரண்டின் எல்லையும் பல இடங்களில் பொருந்தாது. அதற்குள் குக்கிராமங்கள் இருக்கும். மக்கள் 'என் ஊர்' என்று சொல்வது அந்தக் குக்கிராமத்தைத்தான். அமெரிக்காவில் சர்வே டவுன்ஷிப் என்பது நம் வருவாய் கிராமம் போல. சிவில் டவுன்ஷிப் என்பது ஊராட்சி போல. நிக்கோடிமஸ் என்று நீங்கள் பார்த்த புள்ளி குக்கிராமம் போல: அதற்கென்று தனி மன்றமோ மேயரோ கிடையாது.

சர்வே டவுன்ஷிப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நாட்டின் நடுப்பகுதி முழுவதும் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1785இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு நிலச் சட்டம் இயற்றியது. மேற்கே விற்கப்போகும் நிலத்தையெல்லாம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக முதலில் வெட்டிவிட வேண்டும், பிறகுதான் விற்பனை. ஒரு சதுரத்துக்குள் 36 செக்‌ஷன். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். 66 அடி கன்ட்டர் சங்கிலியால் அளந்தார்கள். நம் பழைய சர்வேயிலும் இதே சங்கிலிதான். செக்‌ஷன்களுக்கு எண் போடும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. வடகிழக்கு மூலையில் 1 தொடங்கும், மேற்கே 6 வரை போகும், 6க்குக் கீழே 7, அங்கிருந்து கிழக்கே திரும்பி 12 வரை, மறுபடி மேற்கே. மாடு ஏர் இழுத்துக்கொண்டு சால் முடிவில் திரும்புமே, அப்படி. தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போகச் சதுரம் குறுகும். அந்தக் குறையை வடக்கு, மேற்கு ஓரத்துச் செக்‌ஷன்களில் தள்ளிவிடுவார்கள். நேராகப் போகும் கன்சாஸ் மண்சாலை ஓரிடத்தில் காரணமே இல்லாமல் ஒரு வளைவு எடுத்து மறுபடி நேராகப் போனால், அது பெரும்பாலும், இந்தக் குறுகலைச் சரிசெய்ய இடையிடையே போட்ட திருத்தக் கோட்டின் வேலை.

இந்தச் சதுரங்கள் போட்டபோது அங்கே குடியேறிகள் யாரும் இல்லை. பானி, செயென் என்ற பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டையாடிய புல்வெளி அது. மனிதர்கள் இருக்கிறார்களா, ஆறு எங்கே ஓடுகிறது, மழை எவ்வளவு என்று எதையும் கேட்காமல் போட்ட கோடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிவில் டவுன்ஷிப் பிறகு வந்தது. ஆட்கள் குடியேறியதும், சாலை, கல்லறை, வரி, வாக்குப்பதிவு ஆகியவற்றைக் கவனிக்கக் கவுன்ட்டியைச் சில துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். கன்சாஸில் ஒரு டவுன்ஷிப்புக்கு டிரஸ்டி, கிளார்க், டிரஷரர் என்று மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவ்வளவுதான் நிர்வாகம். பல கவுன்ட்டிகளில் சாலை வேலையைக் கவுன்ட்டியே எடுத்துக்கொண்டுவிட்டதால் இவர்களுக்கு வேலை இன்னும் குறைவு. நிக்கோடிமஸ் இருக்கும் கிரஹாம் கவுன்ட்டி ஏறத்தாழ 30 மைலுக்கு 30 மைல். கணக்குப்படி 25 சர்வே சதுரங்கள் வரும். ஆனால் சிவில் டவுன்ஷிப் 13தான். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் வேறொரு கவுன்ட்டிக்கு இந்த இரண்டு எல்லையையும் ஒன்றாக்கி ஒரே அடுக்கில் வரைந்துவிட்டேன். மொத்தக் கோப்பும் திரும்பி வந்தது, மூன்று வாரம் உட்கார்ந்து திருத்தினேன். அதற்குப் பிறகு இந்த வேறுபாடு மறந்ததில்லை.

கிரஹாம் கவுன்ட்டியின் டவுன்ஷிப் பெயர்களைப் படித்தாலே வந்தவர்களின் மனம் தெரியும்: ஹேப்பி, பயனியர், வைல்ட்ஹார்ஸ், கெட்டிஸ்பர்க், அல்லோடியம். அல்லோடியம் என்பது பழைய சட்டச் சொல். எந்தப் பிரபுவுக்கும் கடன்படாமல், குத்தகை இல்லாமல், முழு உரிமையோடு வைத்திருக்கும் நிலம். அப்படி ஒரு நிலத்துக்காகத்தான் நிக்கோடிமஸ்காரர்களும் வந்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு அதற்குக் காரணம் அதிகம், ஏனென்றால் அங்கே வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்களே பிறரின் சொத்தாக, அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர்கள்.

நிலத்தைப் பார்த்துவிட்டு மனிதர்களுக்கு வருகிறேன். நெப்ராஸ்கா எல்லைக்கு ஏறத்தாழ 40 மைல் தெற்கே, சாலமன் ஆற்றின் தெற்குக் கிளைக்கு வடக்குக் கரையில் இருக்கிறது நிக்கோடிமஸ். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம், ஆனால் மலை கிடையாது. அலை அலையாக ஏறி இறங்கும் மேட்டுநிலம். ஆற்றோரத்தில் தவிர மரம் அரிது. மண் நல்ல மண்தான், காற்று கொண்டுவந்து படியவைத்த ஆழமான வண்டல். புல்லின் வேர் பின்னிப் பிணைந்து கிடந்ததால் முதல் உழவு உயிரை வாங்கும். சிக்கல் மண்ணில் இல்லை, மழையில். 100ஆவது தீர்க்கரேகை இந்த ஊருக்கு 20 மைல் மேற்கே போகிறது. அதற்கு மேற்கே பாசனம் இல்லாத விவசாயத்தை நம்ப முடியாது என்று மேற்குப் பகுதியை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் 1878இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். ஆண்டுக்கு 20 அங்குலம் மழை என்பது அங்கே சராசரி. சராசரிக்குக் கீழே போகும் ஆண்டுகள் வரிசையாகவும் வரும்.

நிக்கோடிமஸ் குடியேற்றம் தொடங்கியது 1877இல். ஏப்ரலில் நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி பதிவானது. அதில் ஆறு பேர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். கம்பெனித் தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர். நிலத்தை விற்றுக்கொடுக்கும் வேலையில் இருந்த டபிள்யூ. ஆர். ஹில்தான் அந்த வெள்ளையர். பிற்பாடு கவுன்ட்டித் தலைநகரான ஹில் சிட்டி அவர் பெயரில் வந்தது. கென்டக்கி மாநிலத்தின் தேவாலயங்களில் துண்டுப் பிரசுரம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். ஜார்ஜ்டவுன், லெக்சிங்டன் சுற்றுப்புறத்திலிருந்து பலர் கிளம்பினார்கள். கோடையில் சுமார் 30 பேர், செப்டம்பரில் 300க்கு மேல். ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைதான். அங்கிருந்து வடக்கே நடை. எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதில் எழுதுகிறவர்கள் வேறுபடுகிறார்கள். நான் அளந்த வரைக்கும் எல்லிஸிலிருந்து நேர்க்கோட்டில் 31 மைல். வண்டித்தடத்தில் போனால் கூடுதலாக ஆகும்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் வந்த குழுவில் இருந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் முதுமையில் சொன்ன நினைவு பதிவாகியிருக்கிறது. கூட வந்தவர்கள் 'அதோ நிக்கோடிமஸ்' என்று கத்தினார்கள். இவர் எங்கே என்று பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கணவர் கையைக் காட்டினார்: தரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மரம் இல்லாததால் முன்னால் வந்தவர்கள் மண்ணைக் குடைந்து குழிவீட்டில் இருந்தார்கள். அந்த அடுப்புப் புகை அது. அவர் அழுதுவிட்டார். வழியில் எல்லிஸில் தட்டம்மை கண்டு அந்தக் குழுவில் பிள்ளைகள் இறந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த அழுகை என்னவென்று விளங்கும். செப்டம்பரில் வந்தவர்களில் அறுபது குடும்பங்கள் வரை உடனே திரும்பிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இருந்தவர்களிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகளே இருந்தன. மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் கொத்தி விதைத்தார்கள். காட்டெருமை எலும்பு பொறுக்கி விற்றார்கள்.

1880க்குள் சுற்றுவட்டாரத்தில் ஐந்நூறு பேரளவில் இருந்தார்கள். மாவுக்கடை, தங்கும் விடுதி, தேவாலயங்கள், பள்ளி, பிறகு 1886, 1887இல் இரண்டு பத்திரிகைகள். இங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மக்கேப், 1882இல் கன்சாஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாநிலம் முழுவதற்குமான பதவிக்கு அங்கே வாக்கில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகூட ஆகாத காலத்தில் இது நடந்தது.

இப்போது உங்கள் 'ஏன் இத்தனை சிறியது' என்ற கேள்வி. எல்லாரும் சொல்லும் பதில் ரயில். அது உண்மைதான். 1887இல் மிசூரி பசிபிக் ரயில் கம்பெனி தங்கள் ஊர் வழியாக வரவேண்டும் என்று நிக்கோடிமஸ் டவுன்ஷிப் மக்கள் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் வாக்களித்தார்கள். டவுன்ஷிப் என்ற அமைப்பு எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை: புள்ளிக்கு அந்த அதிகாரம் கிடையாது, டவுன்ஷிப்புக்கு உண்டு. ஆனால் அந்த ரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் ஆற்றுக்குத் தென்கரையில் தண்டவாளம் போட்டது. அங்கே தொழிலாளர் முகாமாக இருந்த இடம் போக் என்ற ஊரானது. நிக்கோடிமஸ் கடைக்காரர்கள் ஆற்றைத் தாண்டிப் போனார்கள். சிலர் கடைக் கட்டடத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் என் தொழில் கண்ணுக்கு இன்னொரு காரணம் அதைவிட ஆழமாகப் படுகிறது. ஹோம்ஸ்டெட் சட்டம் 1862இல் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர், ஐந்தாண்டு உழைத்தால் சொந்தம். 160 ஏக்கர் என்பது செக்‌ஷனில் கால்பாகம், அரை மைலுக்கு அரை மைல். மழை நிறையப் பெய்யும் ஒஹையோவில் அதை வைத்து ஒரு குடும்பம் சௌகரியமாக வாழலாம். 100ஆவது தீர்க்கரேகைப் பக்கத்தில் முடியாது. கோதுமை, தரிசு, மறுபடி கோதுமை என்று மண்ணில் ஈரம் சேர்த்து விதைக்கும் இடத்தில் 160 ஏக்கர் போதவே போதாது. சதுரம் போட்டவர்கள் மழையைக் கேட்கவில்லை என்று சொன்னேனே, அதன் விலை இங்கே கட்டப்பட்டது. ஒருவர் விற்க, பக்கத்தவர் வாங்க, பண்ணைகள் பெருத்தன, வீடுகள் குறைந்தன. 1930களின் புழுதிப் புயலும் பொருளாதார மந்தமும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. 1953இல் தபால் நிலையம் மூடியது. இது கறுப்பின ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கிரஹாம் கவுன்ட்டி முழுவதிலும் 2020 கணக்கெடுப்பில் 2,415 பேர்தான். சுற்றியிருந்த வெள்ளைக் குடியேறிகளின் ஊர்களும் அதே வழியில் தேய்ந்தன. ஆனால் கையில் முதலே இல்லாமல், கடன் கொடுக்க ஆளும் இல்லாமல் தொடங்கியவர்களுக்கு ஒரு வறட்சி ஆண்டு செய்யும் சேதம் வேறு. அதை வரைபடம் காட்டாது.

சுற்றுப்புறத்தையும் சொல்லிவிடுகிறேன். யு.எஸ். 24 நெடுஞ்சாலையில் மேற்கே 12 மைலில் ஹில் சிட்டி, கிழக்கே ரூக்ஸ் கவுன்ட்டியில் ஸ்டாக்டன். போக்கில் சுமார் 150 பேர். ஆனாலும் அது சட்டப்படி 'சிட்டி', மேயர் உண்டு. நிக்கோடிமஸ் அப்படிப் பதிவு பெற்றதே இல்லை. மக்கள்தொகைக்கும் 'சிட்டி' என்ற சொல்லுக்கும் அங்கே நாம் நினைக்கும் தொடர்பு கிடையாது. இன்னொன்று: நிக்கோடிமஸ் சமூகம் என்றால் அந்தப் புள்ளியில் இருந்தவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் கால்செக்‌ஷனில், பக்கத்து வீட்டுக்கு அரை மைல் தள்ளி இருந்தார்கள். ஞாயிறு தேவாலயம், கடை, பள்ளி ஆகியவற்றுக்காக வந்து கூடிய இடம்தான் ஊர். ஆகவே ஊரில் எத்தனை வீடு என்று எண்ணி அந்தச் சமூகத்தின் அளவைச் சொல்வது அன்றும் தவறு, இன்றும் தவறு.

நீங்கள் படிக்கும்போது கவனமாக இருக்கவேண்டிய சில இடங்கள். நிக்கோடிமஸ் என்ற பெயர் பைபிளில் இரவில் இயேசுவைக் காண வந்தவரின் பெயர் என்று சிலர். தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய ஓர் அடிமையின் கதையிலிருந்து வந்தது என்று சிலர். நான் எந்தப் பக்கமும் சாய மாட்டேன். முதல் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது அந்தக் குடும்பங்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் செய்தி. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு, ஆனால் ஆவணம் என்ற கணக்கில் அதை வைக்க முடியாது. இன்னொரு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது: இவர்களை 1879இல் மிசிசிப்பி, லூசியானாவிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்சாஸுக்குக் கிளம்பிய 'எக்ஸோடஸ்டர்'களோடு சேர்த்துவிடுகிறார்கள். நிக்கோடிமஸ் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது, வேறு மாநிலத்தவர், திட்டமிட்டு வந்தவர்கள்.

இன்றைய நிலை இது. 1996இல் நிக்கோடிமஸ் தேசிய வரலாற்றுத் தலமானது. ஐந்து கட்டடங்கள் அதில் அடங்கும்: இரண்டு தேவாலயங்கள், ஒரு பழைய விடுதி, ஒரு பள்ளி, அப்புறம் டவுன்ஷிப் ஹால். ஹால் 1939இல், மந்த காலத்து அரசு வேலைத்திட்டத்தில், உள்ளூர் சுண்ணாம்புக் கல்லால் கட்டியது. தேசியப் பூங்காத் துறையின் வரவேற்பு மையம் இப்போது அதில்தான் இயங்குகிறது. நிலம் வைத்திருக்கும் வாரிசுகள் இன்னும் இருக்கிறார்கள். சிலர் தாங்களே கோதுமை போடுகிறார்கள், பலர் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். இங்கே பிறந்த வெரில் சுவிட்சர் 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு அமெரிக்கக் கால்பந்து ஆடப் போனவர். அவரும் நிக்கோடிமஸ் நிலத்தை விடவில்லை.

ஆண்டுதோறும் ஜூலை கடைசி வார இறுதியில் ஹோம்கமிங். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை ஒழிந்த 1834 ஆகஸ்ட் 1ஐ நினைவில் வைத்துத் தொடக்க காலத்திலேயே ஆரம்பித்த விழா, இன்று குடும்பங்கள் திரும்பி வரும் நாளாக மாறியிருக்கிறது. கோதுமை அறுவடை முடிந்திருக்கும் சமயம். டென்வர், கன்சாஸ் சிட்டி, கலிஃபோர்னியா என்று சிதறியவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து சேருவார்கள், ஊர்வலம் போவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். கணக்கெடுப்பு ஏப்ரல் 1ஐ வைத்து எண்ணுகிறது. இவர்கள் அதில் வர மாட்டார்கள். உங்கள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, யு.எஸ். 24க்கு ஓரத்தில் நாலைந்து சிறு தெருக்கள் சந்திக்கும் இடத்தைத் தேடுங்கள். நடுவில் தெரியும் கல் கட்டடம்தான் டவுன்ஷிப் ஹால்.